மாசில்லாக் குழந்தைகள் இல்லமும் தேவமாதாவின் நீல மேலாடையும்

1445 பிப்ரவரி 5, புனித ஆகத்தாவின் திருநாள். ஃப்ளாரன்ஸ் நகரின் சாந்திசிமா அனுன்சியாட்டா சதுக்கத்தில், திறந்து சில நாட்களே ஆகியிருந்த புதிய மாளிகையின் தாழ்வாரத்தில் யாரோ ஒரு பெண் குழந்தையை விட்டுச் சென்றார்கள். உள்ளே இருந்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டுபோய், அன்றைய புனிதையின் பெயரைச் சேர்த்து ஆகத்தா ஸ்மெரால்டா என்று பெயரிட்டுப் பதிவேட்டில் எழுதினார்கள். அந்தப் பதிவேட்டில் ஆண்டு 1444 என்று இருக்கும். ஃப்ளாரன்ஸ் மக்களுக்கு அப்போது புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறந்தது. வானதூதர் கபிரியேல் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்ன நாள் அது. ஒரு தாயின் வயிற்றில் குழந்தை உருவான கணத்திலிருந்து ஆண்டுக் கணக்கைத் தொடங்கிய ஊரில்தான், தாயைப் பிரிந்த குழந்தைகளுக்கு மட்டுமான முதல் பெரிய இல்லம் எழுந்தது. அதன் பெயர் ஒஸ்பெதாலே தெலி இன்னொசென்டி, அதாவது மாசில்லாக் குழந்தைகளின் இல்லம்.

மறுமலர்ச்சிக் காலத்துத் தாய்–சேய் ஓவியங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ரஃபாயெல், லியொனார்தோ, பொத்திச்செல்லி என்று ஓவியர் வரிசையில் போவார்கள். அல்லது மாதுளை என்றால் இது, பறவை என்றால் அது என்று அகராதி போட்டு விளக்குவார்கள். இரண்டும் பயனுள்ளவைதான். ஆனால் இந்த ஓவியங்களை எந்தக் கண்கள் நாள்தோறும் பார்த்தன என்று கேட்டால், பார்க்கவேண்டிய இடம் இந்த இல்லம். ஆறு நூற்றாண்டு கடந்த ஒரு நிறுவனத்தின் வரலாற்றையும், அது தன் சுவர்களிலும் பலிபீடத்திலும் ஏற்றிவைத்த தாய்–சேய் உருவங்களையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அந்த உருவங்கள் என்ன வேலை செய்தன என்பது புரிகிறது.

இல்லத்துக்கு வித்திட்டவர் பக்கத்து ஊரான ப்ராத்தோவைச் சேர்ந்த ஃப்ரான்செஸ்கோ தாத்தினி என்ற வணிகர். 1348இல் வந்த பெருங்கொள்ளைநோய் அவருடைய தாயையும் தகப்பனையும் கொண்டுபோயிற்று. அநாதையாக வளர்ந்த சிறுவன் அவிஞோன் நகருக்குப் போய்ப் பொருளீட்டி, ஐரோப்பாவின் பல துறைமுகங்களில் கணக்கு வைத்திருக்கும் பெருவணிகராகத் திரும்பினார். அவர் விட்டுச்சென்ற சுமார் ஒன்றரை லட்சம் கடிதங்கள் இன்றும் ப்ராத்தோவில் இருக்கின்றன. மனைவி மார்கெரித்தாவுக்குக் குழந்தை இல்லை. வீட்டு அடிமைப் பெண்ணான லூச்சியாவிடம் தாத்தினிக்குப் பிறந்த மகள் ஜினெவ்ராவை மார்கெரித்தாவே பிற்பாடு தம் வீட்டில் வளர்த்தார். 1410இல் இறந்த தாத்தினி, ஃப்ளாரன்ஸில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு புதிய இல்லம் அமைக்க 1000 ஃப்ளோரின் பொற்காசுகளை உயிலில் எழுதிவைத்தார். அநாதையாக நின்ற சிறுவனும், அடிமைப் பெண்ணின் குழந்தைக்குத் தகப்பனுமாக இருந்தவர் எழுதிய உயில் அது. பின்னாளில் இந்த இல்லத்தின் வாசலுக்கு வந்த குழந்தைகளில் பலர் அடிமைப் பெண்களும் வேலைக்காரிகளும் பெற்றவர்கள் என்பதை இதோடு சேர்த்து நினைக்கவேண்டும்.

பணம் வந்தது, பொறுப்பை ஏற்றது பட்டு வணிகர் சங்கம். நகரின் செல்வாக்கு மிக்க தொழிற்சங்கங்களில் ஒன்றான அதில் பட்டு நெய்பவர்களோடு பொற்கொல்லர்களும் அங்கம். பொற்கொல்லராகத் தொழில் தொடங்கிய ஃபிலிப்போ புரூனெல்லெஸ்கியும் அந்தச் சங்கத்து உறுப்பினர்தான். 1419இல் வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டே பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தை எழுப்பும் பணியும் அவர் கைக்கு வந்தது. ஆனாலும் 1420களின் பிற்பகுதி வரை அவர் இந்த இல்லத்தின் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு ஃப்ரான்செஸ்கோ தெல்லா லூனா பொறுப்பேற்றார்.

சதுக்கத்தைப் பார்த்து நிற்கும் முகப்பில் ஒன்பது வளைவுகள். சாம்பல் நிறக் கல்லில் மெலிந்த தூண்கள், வெள்ளைச் சுதை பூசிய சுவர். தூணின் உயரம் எவ்வளவோ, இரு தூண்களுக்கு இடையிலான தூரமும் அவ்வளவு. தாழ்வாரத்தின் ஆழமும் அவ்வளவே. ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் ஒரு கனசதுரம் இருப்பதாகக் கண் எளிதில் கணக்கிட்டுவிடும். கோட்டைபோன்ற அரண்மனைகள் நிறைந்த ஊரில் இந்த மாளிகை இப்படித் திறந்து நிற்பதை, வருகிறவர்களை அச்சுறுத்தக் கூடாது என்ற எண்ணத்தின் வடிவமாகவே நான் படிக்கிறேன். இருட்டில், துணியில் சுற்றிய குழந்தையோடு தயங்கி நடந்துவரும் ஒரு பெண்ணுக்கு இதைவிட மென்மையான வாசல் இருக்க முடியாது.

வளைவுகளுக்கு இடையில் புரூனெல்லெஸ்கி குழிந்த வட்டங்களை வெறுமையாக விட்டிருந்தார். 1487இல் அவற்றை நிரப்பியவர் ஆந்த்ரேயா தெல்லா ரொப்பியா. அவருடைய சிற்றப்பா லூக்கா தெல்லா ரொப்பியா, சுடுமண் சிற்பத்தின்மேல் வெள்ளீயம் கலந்த கண்ணாடிப் பூச்சு ஏற்றிச் சுடும் முறையை வளர்த்தெடுத்தவர். அந்தப் பக்குவம் அவர்கள் குடும்பச் சொத்தாகவே இருந்தது. மழையும் வெயிலும் தின்னாத அந்தப் பூச்சில் நீல வட்டத்துக்குள் வெண்ணிறக் குழந்தை, ஒரு வட்டத்துக்கு ஒன்றாக மொத்தம் பத்து. இரு ஓரங்களிலும் இருக்கும் மற்ற நான்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை. ஒவ்வொரு குழந்தையும் இடுப்புக்குக் கீழே துணிப்பட்டைகளால் இறுகச் சுற்றப்பட்டிருக்கிறது. கைகள் இருபுறமும் விரிந்திருக்கின்றன. முகங்கள் ஒன்றுபோல் இல்லை. பட்டை சுற்றிய விதமும் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் முடிச்சு தளர்ந்து துணி சரிகிறது.

கைகளை விரித்த அந்தக் குழந்தைகளைத் தூக்கிக்கொள்ள அந்தச் சிற்பங்களில் யாருமே இல்லை. தாய்–சேய் உருவத்திலிருந்து தாயை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவோ அதுதான் அங்கே இருக்கிறது. சதுக்கத்தில் நிற்பவர் நிமிர்ந்து பார்க்கும்போது அந்தக் கைகள் அவரை நோக்கித்தான் விரிகின்றன. பட்டு வணிகர் சங்கத்துக்கு நன்கொடை தேவைப்பட்டது உண்மை. அந்தச் சிற்பங்கள் அதைக் கேட்கவும் செய்தன. ஆனால் கேட்ட முறையில் பிச்சைக்குரிய தாழ்வு எதுவும் இல்லை. வெண்மையும் நீலமும் அக்காலத்தில் தேவமாதாவுக்கும் வானதூதர்களுக்கும் உரிய நிறங்கள். அவற்றைப் பெயர் தெரியாத குழந்தைகளுக்கு உடுத்தினார் ஆந்த்ரேயா. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் தன் முத்திரையில் இந்தக் குழந்தைகளில் ஒன்றைத்தான் வைத்திருக்கிறது.

இல்லத்தின் பெயருக்கு விவிலியப் பின்னணி உண்டு. பெத்லகேமில் பிறந்த அரசரைத் தேடி ஏரோது மன்னன் ஆண் குழந்தைகளைக் கொல்ல ஆணையிட்டான். அப்படி இறந்தவர்களே மாசில்லாக் குழந்தைகள். திருச்சபை டிசம்பர் 28இல் அவர்களை நினைவுகூர்கிறது. உயிர் தப்பிய ஒரே குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயையும், பறிகொடுத்த தாய்மாரையும் ஒரே கதை தாங்கிநிற்கிறது. இந்த இல்லத்தின் தலைமைப் பலிபீடத்துக்கு ஓர் ஓவியம் வேண்டும் என்று முடிவானபோது இரண்டையும் ஒரே பலகையில் கேட்டார்கள்.

இல்லத்தின் தலைவராக அப்போது இருந்தவர் ஃப்ரான்செஸ்கோ தெசோரி. 1485 அக்டோபர் 23இல் ஓவியர் தொமேனிக்கோ கிர்லாந்தாயோவோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அப்படியே கிடைத்திருக்கிறது. கலை வரலாற்று மாணவர்கள் முதலில் படிக்கும் ஆவணங்களில் அது ஒன்று. காகிதத்தில் வரைந்து காட்டிய மாதிரிப்படியே ஓவியம் அமையவேண்டும்; ஓவியரே தம் கையால் தீட்டவேண்டும்; வண்ணங்கள் தரமாக இருக்கவேண்டும்; பொன் வேண்டிய இடத்தில் அரைத்த பொன்னே இடவேண்டும். கூலி 115 ஃப்ளோரின், மாதத்துக்கு மூன்று ஃப்ளோரினாகத் தரப்படும். 30 மாதங்களில் முடிக்கவேண்டும்; தவறினால் 15 ஃப்ளோரின் தண்டம். இவற்றுக்கு நடுவே தனியாக ஒரு நிபந்தனை: நீலம் அல்ட்ராமரீனாக இருக்கவேண்டும், அவுன்ஸ் ஒன்று நான்கு ஃப்ளோரின் மதிப்புள்ளதாக இருக்கவேண்டும்.

இந்த நீலத்துக்காகச் சற்று நிற்கவேண்டும். அது லாபிஸ் லசூலி என்ற கல்லிலிருந்து வந்தது. அந்தக் கல் இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் தோண்டப்பட்டு, ஒட்டகத்திலும் கப்பலிலும் மாறி மாறி வெனிஸ் வரை வந்து அங்கிருந்து பரவியது. கல்லைப் பொடித்தால் மட்டும் நீலம் கிடைத்துவிடாது. சாம்பல் நிறம்தான் வரும். பொடியை மெழுகு, பிசின், எண்ணெய் கலந்த மாவில் சேர்த்துப் பல நாள் பிசைந்து, சாம்பல்நீரில் அமிழ்த்திக் குச்சிகளால் அழுத்தி அழுத்தி எடுக்கும்போதுதான் நீலத்துகள் மட்டும் கீழே இறங்கும். செனினோ செனினி என்ற ஓவியர் தம் கைநூலில் இந்தப் பக்குவத்தை விரிவாகச் சொல்லியிருக்கிறார். முதல் பிழிவுதான் ஆழ்ந்த நீலம்; அடுத்தடுத்த பிழிவுகள் வெளிறிக்கொண்டே போகும், விலையும் இறங்கும். ஒப்பந்தத்தில் விலையைக் குறித்ததன் பொருள், முதல் பிழிவு வேண்டும் என்பது. அந்த நீலம் பெரும்பாலும் ஒருவருக்கே போய்ச் சேரும். அது தேவமாதாவின் மேலாடை. உள்ளே சிவப்பு உடை, மேலே நீலப் போர்வை என்பது பைசாந்திய மரபிலிருந்து வந்த வழக்கம். சிவப்பை மண்ணுலக வாழ்வுக்கும் அன்புக்கும், நீலத்தை விண்ணுலகுக்கும் உரியதாகப் பொருள் கொண்டார்கள். அந்தப் பொருளைவிடவும் பார்ப்பவர்களை முதலில் தொட்டது செலவு. ஊரார் எவருக்கும் அந்த நீலத்தின் விலை தெரியும்.

பாலுக்கும் துணிக்கும் வழிதேடும் ஓர் இல்லம் பலிபீட ஓவியத்துக்கு இவ்வளவு செலவழிக்கலாமா என்று இன்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். எனக்குக் கிடைக்கும் பதில் இது: அந்த ஓவியத்தின் முன்னால் நின்று வளரப்போகிறவர்களுக்குச் சொந்தமாக ஒரு பொருளும் கிடையாது. ஊரில் செல்வர்களின் தனிச் சிற்றாலயங்களில் இருக்கும் நீலத்துக்குக் குறையாத நீலம் இவர்களின் தாய்க்கும் உண்டு என்பதை அந்த நான்கு ஃப்ளோரின் நிபந்தனை உறுதிசெய்தது. தெசோரி பேரம் பேசியது குழந்தைகளின் சார்பாகத்தான்.

1488இல் ஓவியம் முடிந்தது. நடுவில் மாதா, மடியில் குழந்தை, மூன்று அரசர்கள் மண்டியிட்டும் நின்றும் வணங்குகிறார்கள். மேலே வானதூதர்கள் பாடுகிறார்கள். பின்னணியில் கப்பல்கள் நிற்கும் ஒரு துறைமுக நகர். வணங்கும் கூட்டத்தில் பட்டுச் சங்கத்துப் பெரியவர்கள் நிற்கிறார்கள். ஓவியர் தம் முகத்தையும் வைத்திருக்கிறார். வழக்கமான மூவரசர் காட்சி என்று நினைத்துக் கண்ணை இடப்பக்கம் பின்னால் செலுத்தினால், அங்கே சிறிதாக ஏரோதின் வீரர்கள் குழந்தைகளை வெட்டுகிறார்கள்; தாய்மார் தடுக்கப் போராடுகிறார்கள். முன்பக்கத்தில் அரசர்களுக்கு இணையாக இரண்டு சிறுவர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். வெண்ணிற உடை, தலையைச் சுற்றி ஒளிவட்டம், உடலில் வெட்டுக் காயம். ஒருவனைத் திருமுழுக்கு யோவானும் மற்றவனை நற்செய்தியாளர் யோவானும் அழைத்துவந்து மாதாவின் முன் நிறுத்துகிறார்கள். பின்னால் கொலையுண்டவர்களே முன்னால் புனிதர்களாக வந்து மண்டியிடுகிறார்கள். பலிபீடத்துக்கு முன்னால் மண்டியிட்ட இல்லத்துச் சிறுவர்களின் கண்ணுக்கு நேரே, அவர்கள் வயதிலேயே இருவர், பொன்னும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்த அரசர்களைவிட மாதாவுக்கு நெருக்கமாக. மறுமலர்ச்சிக் கால மூவரசர் காட்சிகள் எத்தனையோ உண்டு. நானறிந்தவரை இப்படிக் குழந்தைகளுக்கு இடம் கொடுத்தது வேறெதுவும் இல்லை.

இந்த இல்லத்தின் சேகரிப்பிலேயே தாய்–சேய் உருவத்தின் நடைமாற்றத்தையும் ஓரளவு பின்தொடரலாம். அதற்கு முன்கதை கொஞ்சம் தேவை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிமாபுவேயும் தூச்சோவும் தீட்டிய மாதா, பொன் பின்னணியில் உயர்ந்த அரியணையில் அமர்ந்த அரசி. மடியிலிருக்கும் குழந்தை உடலால் சிறிதாக இருந்தாலும் முகத்தால் பெரியவர். கையுயர்த்தி ஆசி தருவார். ஜியோத்தோ அந்த அரசிக்கு எடை கொடுத்தார். ஆடைக்குள்ளே முழங்காலும் மார்பும் இருப்பது தெரிந்தது. 1426இல் மஸாச்சோ பீசா நகரத்து ஆலயத்துக்குத் தீட்டிய மாதா இன்று லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறார். அதில் அரியணையே ஒரு கட்டடம். ஒரு பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம் மறுபக்கத்தில் நிழல் போடுகிறது. குழந்தையின் ஒளிவட்டம்கூடத் தலைக்குமேல் சாய்ந்த தட்டுபோல், தொலைவைச் சமதளத்தில் காட்டும் தொலைநோக்கு விதிப்படி அமைந்திருக்கிறது. அந்த விதியைச் செய்துகாட்டியவர் புரூனெல்லெஸ்கி. அப்போது அவர் இந்த இல்லத்தின் வளைவுகளை எழுப்பிக்கொண்டிருந்தார். தாழ்வாரத்தில் கண்ட கனசதுரக் கணக்குதான் மஸாச்சோவின் அரியணைக்குள்ளும் இருக்கிறது. அந்தக் கணக்கான அரியணையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையோ திராட்சைப் பழத்தைத் தின்றுகொண்டு விரல்களை வாயில் வைத்திருக்கிறது. திராட்சை நற்கருணை இரசத்தைக் குறிக்கும். சிந்தப்போகும் இரத்தத்தைக் குறிக்கும். விரலை வாயில் வைப்பதோ எல்லாக் குழந்தைகளும் செய்வது.

இல்லத்தில் இருக்கும் லூக்கா தெல்லா ரொப்பியாவின் சுடுமண் மாதா இதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிந்தியது. வெண்ணிறத் தாய், வெண்ணிறக் குழந்தை. குழந்தையின் கையில் எழுத்துச் சுருள். அதே இடத்தில் இளம் பொத்திச்செல்லி 1460களின் பிற்பகுதியில் தீட்டிய மாதாவும் உண்டு. அப்போது அவருக்கு இருபது வயது ஆகியிருக்கலாம். ஆசிரியர் ஃபிலிப்போ லிப்பியின் கை அதில் அப்படியே தெரிகிறது. லிப்பியின் மூல ஓவியம் இன்று உஃபிட்சி கலைக்கூடத்தில் இருக்கிறது. கைகூப்பி அமர்ந்திருக்கும் தாயின் முன்னால் இரண்டு வானதூதர்கள் குழந்தையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். முன்னால் இருப்பவன் ஊர்ப் பையனைப்போல நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். மாதாவின் தலையில் மெல்லிய முக்காடும் முத்தும், அன்றைய ஃப்ளாரன்ஸ் பெண்களின் அலங்காரம். அரியணை போய்விட்டது, சன்னல் வந்துவிட்டது, ஒளிவட்டம் மெல்லிய கோடாகிவிட்டது. பொத்திச்செல்லியின் ஓவியத்தில் வானதூதர் ஒருவரே குழந்தையைத் தாங்குகிறார். குழந்தை தாயை நோக்கிக் கை நீட்டுகிறது. பெற்றவள் கைக்குக் குழந்தையைக் கொண்டுசேர்க்க மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டியிருக்கும் அந்தக் காட்சியை இந்த இல்லத்தின் கூரைக்குக் கீழே பார்க்கும்போது வேறு அழுத்தம் வந்துவிடுகிறது.

நடை எப்படி மாறினாலும் ஒன்று மாறவில்லை. இந்தத் தாய்மார் அநேகமாகச் சிரிப்பதில்லை. லியொனார்தோ இளவயதில் தீட்டி இன்று ஹெர்மிடாஜில் இருக்கும் பெனுவா மாதா போல ஒன்றிரண்டைத் தவிர, பார்வை தாழ்ந்திருக்கிறது. குழந்தையைத் தாண்டி வேறெதையோ பார்க்கிறது. விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையின் முடிவைத் தாய் முன்கூட்டியே அறிவாள் என்பதே சமயம் தரும் விளக்கம். சின்னங்கள் எல்லாம் அந்த அறிவைத்தான் சுமக்கின்றன. பொத்திச்செல்லியின் மாதுளை மாதாவில் குழந்தையின் கை பிளந்த மாதுளையைத் தொடுகிறது. செம்முத்துகள் பாடுகளையும், விதைகளின் பெருக்கம் உயிர்ப்பையும் சபையையும் குறிப்பதாகப் படிக்கப்பட்டன. ஜியொவான்னி பெல்லினி வெனிஸில் தீட்டிய புல்வெளி மாதாவில் குழந்தை தாயின் மடியில் குறுக்காகக் கிடந்து தூங்குகிறது. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் தாங்கும் வியாகுல மாதாவின் அமைப்பும் அதுவே. மிலானில் இருக்கும் பொத்திச்செல்லியின் இன்னொரு மாதாவில் குழந்தையின் கையில் மூன்று சின்னஞ்சிறு ஆணிகளும் முள்முடியும் இருக்கின்றன.

இவற்றில் அதிகமாக வருவது கோல்ட்ஃபிஞ்ச் என்ற சிறு குருவி. முகத்தில் சிவப்புத் திட்டும் இறக்கையில் மஞ்சள் பட்டையும் கொண்ட பறவை. முட்செடியின் விதைகளைத் தின்னும். ஆகவே முள்முடியோடு அதைச் சேர்த்தார்கள். இயேசுவின் நெற்றியில் தைத்த முள்ளைப் பிடுங்கப்போய் இரத்தம் பட்டுச் சிவந்தது என்ற கதையும் வழங்கியது. ஹெர்பர்ட் ஃப்ரீட்மன் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் 1946இல் ஒரு முழு நூலே எழுதி, இந்தக் குருவி இடம்பெறும் ஏறத்தாழ 500 பக்தி ஓவியங்களைத் தொகுத்துக் காட்டினார். கொள்ளைநோயிலிருந்து காக்கும் பறவை என்ற பழைய நம்பிக்கையோடும் அதை இணைத்தார். 1348க்குப் பின் அந்த நோய் திரும்பத் திரும்ப வந்த நாட்டில் குழந்தையின் கையில் அப்படியொரு பறவை ஏன் இருந்தது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். இத்தாலியச் சிறுவர்கள் உண்மையாகவே இந்தக் குருவியைக் காலில் நூல் கட்டி வளர்த்தார்கள். சின்னத்தை மட்டும் பார்த்து விளையாட்டுப் பொருளை மறந்துவிடுகிறவர் ஓவியத்தில் பாதியை இழக்கிறார். பியெரோ தெல்லா ஃப்ரான்செஸ்காவின் குழந்தை இயேசுவின் கழுத்தில் தொங்கும் சிவப்புப் பவளமும் இப்படித்தான். இரத்தத்தின் நிறம் என்று இறையியலார் சொல்லலாம், கண்ணேறு படாமலிருக்கத் தாய்மார் கட்டிய பவளமும் அதுவே.

குருவியோடு வரும் ஓவியங்களில் புகழ்பெற்றது ரஃபாயெல் 1506 வாக்கில் தம் நண்பர் லொரென்சோ நாசியின் திருமணத்துக்காகத் தீட்டியது. புல்வெளியில் அமர்ந்த தாயும் இரு சிறுவர்களும் முக்கோணமாக அமைகிறார்கள். சிறுவன் யோவான் நீட்டும் குருவியைக் குழந்தை இயேசு மெல்லத் தடவுகிறார். லியொனார்தோவிடம் கற்ற அமைப்பு, அவரிடமிருந்தே வந்த புகைபோன்ற மென்னிழல். 1547இல் நாசியின் வீடு மண்சரிவில் இடிந்து ஓவியம் பல துண்டுகளாயிற்று. துண்டுகளைப் பொறுக்கி ஆணிகளால் இணைத்துவைத்தார்கள். ஃப்ளாரன்ஸின் ஒபிஃபீச்சோ சீரமைப்புக் கூடத்தில் நெடுங்காலம் நடந்த வேலைக்குப் பின் 2008இல் அது மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது.

திருமணத்துக்கு ஓவியம் தருவது அவ்வூர் வழக்கம். மாதாவின் உருவம் இல்லாத படுக்கையறை அரிது. தொமினிக்கன் துறவி ஜியொவான்னி தொமினிச்சி பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குடும்பத்தலைவிக்கு எழுதிய அறிவுரையில், பால் குடிக்கும் இயேசு, தாய்மடியில் உறங்கும் இயேசு, சிறுவன் யோவான் ஆகிய உருவங்களை வீட்டில் வைத்தால் பிள்ளைகள் அவற்றோடு தம்மைச் சேர்த்துப் பார்த்து வளர்வார்கள் என்று சொல்லியிருக்கிறார். வசதி குறைந்தவர்களுக்கு அச்சில் வார்த்த சுதை மாதா கிடைத்தது. அதற்கு வண்ணம் பூசித் தருவதைத் தொழிலாகச் செய்த நேரி தி பிச்சி என்ற ஓவியரின் கணக்குப் புத்தகம் நம் கைக்கு வந்திருக்கிறது. வீடில்லாத குழந்தைகளுக்கு வீடாக எழுந்த இடத்திலும் அதே உருவங்கள் இருந்ததில் வியப்பில்லை.

இனி பால். மாதா பாலூட்டும் காட்சியை ஓவியர்கள் விரும்பித் தீட்டினார்கள். இறைமகன் உண்மையாகவே மனித உடல் எடுத்தார் என்பதற்கு அதைவிட எளிய சாட்சி இல்லை. ஆனால் அந்த ஓவியத்தை வாங்கித் தொங்கவிட்ட வசதியான குடும்பங்களில் தாய்மார் பாலூட்டியது குறைவு. குழந்தை பிறந்ததும் நாட்டுப்புறச் செவிலித்தாயிடம் போகும். மைக்கலாஞ்சலோவே செத்திஞானோ கிராமத்தில் கல்தச்சர் குடும்பத்துப் பெண் ஒருவரிடம் பால் குடித்து வளர்ந்தவர். உளியும் சுத்தியலும் அந்தப் பாலோடு தமக்குள் வந்தன என்று, கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரியிடம் சொல்லியிருக்கிறார். இன்னொசென்டி இல்லத்தின் உயிர்நாடியும் செவிலித்தாய்மார்தான். வாசலில் வந்த குழந்தைக்கு உள்ளே இருப்பவர்கள் முதலில் பால் கொடுப்பார்கள். பிறகு கூலிக்குக் கிராமத்துப் பெண்ணிடம் ஒப்படைப்பார்கள். பால் மறந்தபின் குழந்தை திரும்பிவரும். செவிலித்தாய்மாரும் குழந்தைகளும் என்ற தலைப்பிலேயே இல்லத்தின் பதிவேடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எந்த நாளில் வந்தது, எந்தத் துணியில் சுற்றியிருந்தது, எவளிடம் போயிற்று, எவ்வளவு கூலி என்று எழுதியிருக்கிறார்கள். பல பதிவுகள் இறப்புத் தேதியோடு முடிகின்றன. கொள்ளைநோயிலும் பஞ்சத்திலும் பாதிக்குமேல் மாண்ட ஆண்டுகள் உண்டு. வந்தவர்களில் ஆண்களைவிடப் பெண் குழந்தைகளே அதிகம். ஓவியத்தில் மாதாவின் முகத்தில் நிற்கும் அந்த முன்னறிவு, இங்கே பாலூட்டிய பெண்கள் அனைவருக்கும் இருந்திருக்கும்.

பதினாறாம் நூற்றாண்டில் 1552 முதல் இல்லத்துக்குத் தலைவராக இருந்தவர் வின்சென்சோ பொர்கினி. பெரும்புலவர், வசாரியின் நெருங்கிய ஆலோசகர். கலையைப் பற்றி எழுதிய கையாலேயே இல்லத்தின் கடன் கணக்கையும் எழுதியவர். 1610இல் பெர்னார்தீனோ பொச்செத்தி உணவுக்கூடச் சுவரில் ஏரோதின் கொலைக்காட்சியைத் தீட்டியபோது, இல்லத்தின் அன்றாட வாழ்வையும் அதே சுவரில் சேர்த்தார். குழந்தையை ஏற்றுக்கொள்ளும் முறையும் காலத்தோடு மாறியது. முன்பு குழந்தைகளை விட்டுச்சென்ற தாழ்வாரத்துக் கல்தொட்டிக்குப் பதிலாகக் கைக்குழந்தை மட்டுமே நுழையக்கூடிய கம்பிச் சன்னல் வந்தது. மக்கள் அதைச் சக்கரம் என்றே அழைத்தார்கள். 1875இல் அது மூடப்பட்டது.

அருங்காட்சியகத்தில் என்னைப் பொறுத்தவரை கிர்லாந்தாயோவுக்கு நிகரான இடம் ஒரு வரிசை இழுப்பறைகளுக்கு உண்டு. குழந்தையோடு தாய்மார் விட்டுச்சென்ற அடையாளங்கள் அவற்றில் இருக்கின்றன. பாதியாக வெட்டிய பதக்கம், துண்டுக் காசு, மணி, பொத்தான். மறுபாதியைத் தாய் வைத்துக்கொள்வாள். என்றாவது திரும்பிவந்தால் இரண்டையும் பொருத்திப் பார்த்துக் குழந்தையை அடையாளம் காணலாம் என்ற நம்பிக்கை. பல பதக்கங்களில் இருப்பது மாதாவின் உருவம். பெருந்தொகைக்கு வாங்கிய பலிபீடத்து மாதாவும், ஏழைப்பெண் கத்தரித்த பித்தளைப் பதக்கத்து மாதாவும் ஒரே கூரையின்கீழ் சேர்ந்திருப்பது வேறெந்தக் கலைக்கூடத்திலும் வாய்க்காது. இன்னொசென்டி, தெலின்னொசென்டி, நொசென்தீனி போன்ற குடும்பப் பெயர்கள் இன்று தஸ்கனி எங்கும் உண்டு. அந்தக் குழந்தைகளின் வழிவந்தவர்கள் தம் முன்னோரின் பதிவைத் தேடி இல்லத்தின் ஆவணக்காப்பகத்துக்கு வருகிறார்கள்.

இல்லம் இன்றும் மூடப்படவில்லை. குழந்தைகள் காப்பகங்களும், இக்கட்டில் இருக்கும் தாய்மார் குழந்தைகளோடு தங்கும் வீடுகளும் நடக்கின்றன. 1988இல் யூனிசெஃப் தன் ஆய்வு மையத்தை இங்கேதான் அமைத்தது. 2016இல் புதுப்பித்துத் திறந்த அருங்காட்சியகத்தை மூன்று தளங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: கீழே நிலவறையில் குழந்தைகளின் வரலாறு, நடுவே முற்றங்களும் கட்டடக்கலையும், மேலே ஓவியக்கூடம். போகிறவர்கள் பலர் நேரே மேலே ஏறிவிடுகிறார்கள். கீழிருந்து தொடங்குவதே முறை என்பது என் கருத்து. பதிவேட்டையும் அரைப்பதக்கத்தையும் பார்த்தபின் கிர்லாந்தாயோவின் முன்னால் போய் நின்றால், காயத்தோடு மண்டியிட்ட அந்த இரு சிறுவர்களை ஓவியர் ஏன் அவ்வளவு முன்னால் வைத்தார் என்று வழிகாட்டி எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்கும் மேலே மொட்டைமாடியில் வெரோனே என்ற திறந்த கூடம் இருக்கிறது. இல்லத்தின் பெண்கள் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் துணிகளைத் துவைத்து உலர்த்திய இடம் அது. இப்போது காபிக் கடை. அங்கிருந்து பார்த்தால் புரூனெல்லெஸ்கியின் குவிமாடம் நேரெதிரே தெரியும்.